சொந்த வீடில்லாத பாரதியார்

பாரதியார் என்றதும் நம்மில் எல்லாருக்கும் நினைவுக்கு வருபவர் எட்டயபுரத்தார்தான். தமிழ் மொழிக் கழகத்தின் எந்த நிகழ்ச்சியும் அவரில்லாமல் தொடங்குவதில்லை. ஆனால் அவர் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1896ஆம் ஆண்டில், இன்னொரு பாரதியார் மறைந்தார். அவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடியவர். மனைவி மக்கள் இல்லாமல், பாட்டைக் கேட்டவர்களின் ஆதரவிலேயே எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தவர்.

எனக்கு இவருடைய பாட்டுத்தான் முதலில் தெரியும். பெயர் பிறகுதான் தெரியும். ஜொகூரில் இரயில் பாதையோரம் இருக்கும் பாலோ என் ஊர். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு ஒரு தாத்தா தங்கியிருந்தார். தோட்டம் கைமாறி லயம் காலியானபோது அவருக்குப் போக இடமில்லை. பஜனைக் குழுவினர் முறை வைத்துச் சாப்பாடு கொண்டு வருவார்கள். வெள்ளிக்கிழமை பஜனை முடிந்ததும், நந்தன் பாட்டு என்று சொல்லிவிட்டு ஒன்றிரண்டு பாடுவார். யார் எழுதியது என்று கேட்கத் தோன்றவில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டேன், தாத்தாவும் இறந்துவிட்டார். பல்கலைக்கழக நூலகத்தில் உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தபோதுதான் அந்தப் பாட்டுக்கு உரியவரைக் கண்டுகொண்டேன்.

தஞ்சைப் பகுதியில், நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள நரிமணத்தில் 1811ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் கோபாலகிருஷ்ணர். தந்தையார் இராமசாமி பாரதி வீணை வாசிப்பவர். பெற்றோரைச் சிறு வயதிலேயே இழந்த கோபாலகிருஷ்ணர் சில காலம் கோயில் மடைப்பள்ளியில் சமைத்துப் பிழைத்தார் என்பர். மாயூரத்தில் கோவிந்த யதி என்பவரிடம் வேதாந்தம் கற்றார். திருவிடைமருதூரில் இராமதாஸ் என்பவரிடம் இந்துஸ்தானி இசை கேட்டறிந்தார். தியாகராஜ சுவாமிகளைத் திருவையாற்றில் கண்டதாகவும், அங்கே ஆபோகி இராகக் கீர்த்தனை ஒன்றைக் கேட்டுவிட்டுத் தாமும் அதே இராகத்தில் சிதம்பரத்து நடராசர் மேல் ஒன்று பாடியதாகவும் இசையுலகில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அவர் துறவி போலவே வாழ்ந்தார். மாயூரத்துக்கு அருகிலுள்ள ஆனந்ததாண்டவபுரத்தில் அண்ணு ஐயர் என்ற இசை அன்பர் அவரைத் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். ஓய்வூதியம் இல்லை, சங்கம் இல்லை. சபாக்கள்கூடத் தோன்றாத காலம். அரசவையை அண்டாத ஒரு பாடகருக்கு, பாட்டை விரும்பிய வீடுதான் வீடு.

அந்த வீட்டில் இருந்துகொண்டு அவர் எதைப் பாடினார் என்பதுதான் எனக்கு வியப்பு. காவிரிக்கரையில் நிலம் மிராசுதாரர்களின் கையில் இருந்தது. அதை உழுதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்கள். பாரதியாரை ஆதரித்தவர்கள் நிலம் படைத்தவர்களின் பக்கம். அவரோ ஒரு பண்ணையாளைக் கதைத் தலைவனாக எடுத்துக்கொண்டார்.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். தாம் நரம்பு கொடுத்த வீணை ஒலிக்கும் இடத்துக்குள் தாமே போக முடியாதவர். ஆனால் சேக்கிழாரின் கதையில் கொடுமைக்கார ஆண்டை கிடையாது. சிதம்பரம் போக விடை கேட்கும் ஆளை அதட்டி, நடவையும் அறுவடையையும் காட்டித் தடுக்கும் வேதியர் பாரதியாரின் படைப்பு. மூலத்தில் இல்லாததைப் புகுத்தினார் என்று குறை சொல்வோர் உண்டு. தாம் சோறு உண்ட ஊர்களில் கண்ணால் கண்டதைத்தான் அவர் புகுத்தினார் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாளியிடம் ஒரு நாள் விடுப்புக்கு மன்றாடும் அந்தக் காட்சியை நம் தோட்டத்துப் பாட்டிமாரிடம் விளக்க வேண்டியதே இல்லை. ஆயினும் நந்தன் தீயில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் போகிறான். அந்த முடிவை அவரும் மாற்றவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நொண்டிச்சிந்து, தண்டகம், இருசொல் அலங்காரம் என்று பாமரர் காதுக்குப் பழகிய மெட்டுகளில் அமைந்த அக்கதையைக் கேட்க ஊர் ஊராகக் கூட்டம் கூடியது. காரைக்காலில் இருந்த சிசே என்ற பிரெஞ்சு அதிகாரி அதை அச்சில் கொண்டுவர முன்வந்தார். அதற்கு ஒரு சிறப்புப் பாயிரம் வேண்டும். அக்காலத்தில் பாயிரம் என்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். பாரதியார் அவரைத் தேடிப் போனார். பாட்டுகளில் இலக்கணப் பிழைகள் இருந்தன. கதையும் பெரியபுராணத்தோடு பொருந்தவில்லை. பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. முகத்துக்கு நேரே மறுக்கவும் முடியாமல் நாள் கடத்தினார். பாரதியார் சளைக்காமல் பலமுறை வந்தார். ஒரு நாள் பகலில் பிள்ளை உள்ளே படுத்திருக்க, திண்ணையில் காத்திருந்தவர் தம்மை மறந்து பாடத் தொடங்கினார். கேட்டுக் கிடந்த பிள்ளையின் உள்ளம் உருகியது. எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். 1860களின் தொடக்கத்தில் நூல் வெளிவந்தது.

பதினாறு வயது சாமிநாதையர் 1871இல் மாயூரத்துக்கு வந்தபோது பாரதியாருக்கு அறுபது வயது. பகலில் பிள்ளையிடம் தமிழும், மற்ற வேளையில் பாரதியாரிடம் இசையும் கற்றார் மாணவர். இசைப் பயிற்சி தமிழ்ப் படிப்பைக் கெடுக்கும் என்று பிள்ளை கருதியதால் அது பாதியில் நின்றது. ஆனாலும் அந்த முதியவரை அவர் மறக்கவில்லை. சங்க நூல்களைத் தேடியெடுத்த அதே கையால், 1930களில் பாரதியாரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். இன்று நாம் பாரதியாரைப் பற்றி அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவர் தந்தது.

மாயூரத்தில் பாரதியாருக்கு இன்னொரு நண்பர், முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. கிறிஸ்தவரான வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். மனிதரைப் புகழ்ந்து பாடும் வழக்கமில்லாத பாரதியார் அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். பிறர் சோற்றில் வளர்ந்தவருக்கு அந்தக் கஞ்சியின் அருமை தெரியாதா என்ன?

இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்கால் அம்மையார் சரித்திரங்களையும் அவர் பாடினார். நந்தன்தான் கடல் கடந்தான். 1935இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாக நடித்த கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு இலட்ச ரூபாய் ஊதியம். 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் பாடினார்.

எங்கள் மண்டபத்துத் தாத்தா பாடியது தேசிகரின் இசைத்தட்டில் கேட்டதா, தோட்டத்து நாடகத்தில் கற்றதா? பஜனைக் குழுவில் அவருக்குச் சோறு கொண்டுவந்த இருவர் இன்னும் பாலோவில்தான் இருக்கிறார்கள். அடுத்த விடுமுறையில் போய்க் கேட்க வேண்டும்.