எதுவார் செகேன்

கடும் அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்குக் கல்வி ஏறாதென்று மருத்துவ உலகம் கைவிட்டிருந்த காலத்தில், 1812ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கிளமெசி நகரிற் பிறந்தவர் எதுவார் செகேன். தம் ஆசானாகிய இத்தாரின் வழிநின்று, பாரிசில் அப்பிள்ளைகளுக்கே அவர் கற்பிக்கலானார்.

எழுத்தை அவர் முதலிற் காட்டவில்லை. நடக்கவும் பொருளைப் பற்றவும் உடல் பழகவேண்டும், பின்னர் புலன்கள், அதன் பின்னரே சொல். தானே உண்ணுதலும் உடுத்துதலும் அவரிடத்திற் பாடங்களே. (நம்மில் எத்தனை பேர் இவற்றைக் கல்வியென்போம்?) இம்முறையை 1846இல் நூலாக்கினார்.

1848ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் தாய்நாடு நீங்கி அமெரிக்கா சென்றார். அங்கும் இத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்குத் துணைநின்றார். 1866இல் ஆங்கிலத்திலும் நூல் எழுதினார். 1880இல் நியூயோர்க்கில் மறைந்தார்.

அவரது பிரெஞ்சு நூலை, பின்னாளில் மரியா மொண்டிசோரி அம்மையார் இத்தாலிய மொழியில் தம் கைப்படவே பெயர்த்தெழுதிக் கற்றார்.