சர் பிலிப் சிட்னி

அரசர்க்கு இனியன கூறுவோர் பலர். உறுதி கூறுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் விளங்கி, தாம் அரசிக்கு உரைத்த அறத்தைப் பின்னர்க் கதையாகவும் வடித்தவர் சர் பிலிப் சிட்னி. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

இவர் 1554-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், இங்கிலாந்தில் கெண்ட் பகுதியிலுள்ள பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையிற் பிறந்தார். ஷ்ரூஸ்பரிப் பள்ளியிலும், ஆக்ஸ்போர்டுக் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் பயின்றபின் ஐரோப்பிய நாடுகளைக் காணச் சென்றார். 1572-இல் இவர் பாரிஸ் மாநகரில் தங்கியிருந்தபொழுது, ஆங்கே பிராட்டஸ்டண்டு மக்கள் பல்லாயிரவர் கொலையுண்டனர். ஆள்வோர் நெறி பிறழின் குடிகள் எய்தும் துயரை இவர் தம் பதினேழாம் வயதிலேயே கண்டார்.

1579-இல் எலிசபெத்து அரசியார்க்கும் பிரெஞ்சு இளவரசரான ஆஞ்சூக் கோமகனார்க்கும் மணம் பேசப்பட்டது. அம்மணத்தைக் கண்டித்து நூல் வெளியிட்ட ஜான் ஸ்டப்ஸ் என்பார் தம் வலக்கையை இழந்தார். அக்காலத்திலேயே சிட்னியும் அம்மணம் தகாதென அரசியார்க்கு நீண்ட கடிதம் வரைந்தார். பின்னர் அவைக்களத்தினின்றும் விலகி, வில்ட்டனில் தம் தங்கையார் மேரியின் இல்லத்தில் தங்கினார். அவர் விரும்பியவாறு தோன்றியதே 'ஆர்க்கேடியா' என்னும் உரைநடைக் காதை.

அது காதற்கதையே, எனினும் அரசியல் அறமே அதன் உயிர் என்று கருதுகின்றோம். பசிலியஸ் என்னும் அரசன் குறிமொழிக்கு அஞ்சி, நல்லமைச்சன் சொல்லையும் தள்ளி, ஆட்சியைத் துறந்து காட்டகம் புகுகின்றான். அதனால் வீடும் நாடும் ஒருங்கே குலைகின்றன. இறுதியில் மாசிதோனிய மன்னன் யுவார்க்கஸ் நடுவனாய் அமர்ந்து, வேற்றுப் பெயரில் நின்ற இளைஞர் இருவர்க்கும் கொலைத்தண்டனை விதிக்கின்றான். அவருள் ஒருவன் தன் மகன், மற்றவன் தன் மருகன் என்றறிந்தும் தீர்ப்பை மாற்றினானல்லன். இறந்தானென எண்ணப்பட்ட பசிலியஸ் மயக்கந் தெளிந்து எழுதலால் அவர்கள் உய்கின்றனர். சட்டம் கோணாமை பெரிதோ, இரக்கம் பெரிதோ என்னும் வினாவை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகின்றார்.

ஒரு குறையையும் நாம் மறைத்தலாகாது. கிளர்ந்தெழுந்த எளிய குடிகள் வெட்டுண்டு வீழ்தலை அந்நூல் நகைச்சுவையாகக் காட்டுகின்றது. அரசன் பிழையை அஞ்சாது காட்டியவர்க்குக் குடிகளின் துயர் புலனாகாமற் போயிற்றே என்று வருந்துகின்றோம்.

சிட்னி அந்நூலை விரித்தெழுதப் புகுந்து, ஒரு வாக்கியத்தின் நடுவே நிறுத்தினார், அது முற்றுப்பெறவில்லை. 1585-இல் நெதர்லாந்து சென்று பிளஷிங் நகரின் ஆளுநரானார். மறு ஆண்டு செப்டம்பர் 22-இல் சுட்பன் போரில் தொடையில் குண்டு பாய்ந்தது. அவ்வமயம் தமக்குக் கொணர்ந்த நீரைச் சாகுந்தறுவாயிலிருந்த எளிய வீரன் ஒருவனுக்கு ஈந்தார் என்று நண்பர் கிரெவில் பின்னாளில் எழுதினார். அக்டோபர் 17-இல், தம் முப்பத்தொன்றாம் வயதில், ஆர்னம் நகரில் உயிர் நீத்தார். நூல் 1590-இல் அச்சேறிற்று. 1593-இல் தங்கையார் அதனை நிரப்பி வெளியிட்டார்.

ஏட்டில் எளியோரை நகைத்தவர், களத்தில் எளியோனுக்குத் தம் நீரை ஈந்தாரெனில், நூலினும் அவர் வாழ்வே உயர்ந்த பாடமென்று கொள்வோமாக.