ஆழிக்குமரன் ஆனந்தன்

சாட்டிக் கடலிலே கால் நனைக்காமல் வளர்ந்த பிள்ளை நம்மூரில் எவருமில்லை. பண்ணைத் தாம்போதி வழியே எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பட்டணம் சென்றவர்களும் நம்மிற் பலர். ஆகவே, நீரையும் சக்கரத்தையும் ஒருங்கே வென்ற ஒரு வீரரின் சரிதத்தை இம்மலரில் எழுதத் துணிந்தோம். அவரே வல்வெட்டித்துறை ஈன்ற விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். தமிழ் மக்கள் அவரை ஆழிக்குமரன் என அழைத்தனர்.

வல்வெட்டித்துறையார்க்குக் கடல் வீட்டு முற்றம். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்கக் கரையையே எட்டியதென்றால் வேறு சான்று எதற்கு? பாக்கு நீரிணையை நீந்திக் கடக்கும் துணிவும் அப்பக்கத்திலேதான் தோன்றியது. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டு வல்வெட்டித்துறையில் நீரில் இறங்கிக் கோடிக்கரையில் கரையேறினார். 1966இல் வங்கத்து மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சேர 25 மணி 36 நிமிடம் எடுத்தார். இவையெல்லாம் ஒருவழிப் பயணங்கள். நமது ஆனந்தனோ 1971இல் தலைமன்னாரிலிருந்து அக்கரை சென்று, மீண்டும் இக்கரைக்கே நீந்தி வந்தார். சென்ற நேரமும் வந்த நேரமும் கூட்டினால் 51 மணி. அந்த நீரிணையின் நீரோட்டம் எவ்வளவு பொல்லாதது, சொறி பட்டால் உடம்பு எப்படி எரியும், இருட்டிலே கடற்பாம்பு பக்கத்தில் வந்தால் மனம் என்ன பாடுபடும் என்பதை நம் தீவுப்பகுதி வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அக்கரையிற் காலை வைத்த பின்னர் மறுபடியும் கடலிற் குதிக்க மனம் ஒப்பியதே, அதுதான் நமக்கு அதிசயம்.

தொழிலால் அவர் சட்டத்தரணி. வழக்குக் கட்டுகளோடு வசதியாக இருந்திருக்கலாம்.

இனி அவருடைய சைக்கிள் ஓட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்வோம். சைக்கிள் வீரம் என்றதும் உலகம் பிரெஞ்சு நாட்டையே நினைக்கும். அந்நாட்டு வீரர் சார்ல்ஸ் தெரோன் 1891ஆம் ஆண்டு பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் சென்று பாரிசுக்கே மீண்டார். ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தூரத்தை 71 மணி 22 நிமிடத்தில், கண்ணயராமல் ஓடி முடித்தார். அவருக்கு ஊர்கள் மாறின, தெருக்கள் மாறின, எதிரே முந்துவதற்கு ஆட்கள் இருந்தனர். ஆனந்தனுக்கு இவை ஒன்றுமில்லை. கொழும்பு நகர மண்டபத்துக்கு எதிரேயுள்ள விகாரமகாதேவிப் பூங்காவை 1979 மே 2ஆம் திகதி சுற்றத் தொடங்கியவர் 10ஆம் திகதிவரை சுற்றினார். 187 மணி 28 நிமிடம். அதாவது ஏழு நாளும், எட்டாம் நாளிற் பெரும்பகுதியும். அதே மரம், அதே மூலை, அதே வெயில். வேகமாக ஓடுபவனுக்குக் காலே எதிரி. ஓயாமல் ஓடுபவனுக்கோ கண்ணே எதிரி. மூன்றாம் இரவு நித்திரையில்லாதவனுக்கு இல்லாத உருவங்கள் தோன்றுமென்பர். கைப்பிடி சற்றே தளர்ந்தாற் போதும், வண்டி சாய்ந்துவிடும். அந்தச் சாதனை கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1983இல் போர்த்துக்கல் நாட்டவர் ஒருவர் 191 மணி ஓடி அதை முறியடித்தார். சாதனை என்பதே முறியடிக்கப்படுவதற்குத்தானே.

1980ஆம் ஆண்டு ஒற்றைக்காலில் 33 மணி நின்றார். 1981இல் சென்னை நீச்சற் குளமொன்றில் 80 மணி நேரம் கரையைத் தொடாமல் மிதந்தார். கின்னஸ் புத்தகத்தில் ஏழு சாதனைகள் அவர் பெயரில் இருந்தன.

ஒற்றைக்காலில் நிற்பதால் உலகுக்கு என்ன லாபம் என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வயலும் விளையாது, வள்ளமும் நிறையாது. நாமும் ஒருகால் அப்படி எண்ணியவர்களே. ஆனால் பாகீரதன் ஒற்றைக்காலில் நின்ற கதையைத் திண்ணையிலிருந்து வாய் நிறையச் சொல்லும் நாம், நம் காலத்தில் ஒருவர் நின்றபோது சிரித்தது சரியா?

அவரது கடைசி முயற்சி ஆங்கிலக் கால்வாய். 1875இல் மத்தியூ வெப் என்னும் கப்பற் தலைவர் முதன்முதலாக நீந்திக் கடந்த நீர் அது. குறுகிய இடத்தில் அகலம் 21 மைல்தான். பாக்கு நீரிணையை இருவழியும் நீந்தியவருக்கு அது பெரிய தூரமல்ல. குளிர்தான் வேறு. நம் கடல் வெந்நீர் போன்றது. அங்கோ கோடைகாலத்திலும் நீர் 16 அல்லது 18 பாகைக்குமேல் அதிகம் ஏறாது. துணைக்குப் படகு வரும். ஆயினும் அதைக் கையால் தொட்டால் முயற்சி அத்தோடு முடிந்துவிடும். களைத்தவன் இரண்டு முழத்தில் படகைக் கண்டுகொண்டே நீந்தவேண்டும். துணைக்கு வள்ளமின்றிச் சாட்டியில் ஆழத்துக்குப் போகும் நம் தம்பிமார் இதைக் கவனிப்பார்களாக. அத்தனை கைதேர்ந்தவரும் படகில்லாமல் இறங்கவில்லை.

நம் மக்கள் 1983 ஆடிமாதத்தின் பின் வீடும் உயிரும் இழந்து கலங்கியிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு, 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி, ஆனந்தன் அந்தக் குளிர்ந்த நீரில் இறங்கினார். பிரெஞ்சுக் கரையை அவர் அடையவில்லை. அந்த முயற்சியிலேயே அவர் உயிர் பிரிந்தது. செய்தி வல்வெட்டித்துறைக்கு வந்து சேர்ந்தபோது, அவர் பிறந்த கரையிலே சோளகம் வீசிக்கொண்டிருந்த மாதம்.