வெயிலை வேலை வாங்கிய விஞ்ஞானி

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் மதுரை வட்டாரத்தில் மொட்டை மாடியெல்லாம் வடகம் காயும். இவ்வளவு வெயிலும் வீணாகப் போகலாமா என்பது வீட்டுப் பெண்களின் கணக்கு.

இத்தாலி நாட்டில் ஒரு பேராசிரியரும் இதே கணக்குத்தான் போட்டார். ஆனால், அவர் மாடியில் காயவைத்தது வடகம் அல்ல, கண்ணாடிப் புட்டிகள். ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கான புட்டிகள்! ஒவ்வொன்றிலும் ஒரு ரசாயனப் பொருள். வாய் அடைத்த அந்தப் புட்டிகள் நாள்கணக்கில், மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தன.

அந்தப் பேராசிரியரின் பெயர் ஜாக்கோமோ சாமிச்சான். வெளிச்சம் பொருள்களை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் ஒளி ரசாயனத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர்.

பட்டம் தர மறுப்பு

சாமிச்சான் 1857-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி டிரியெஸ்ட் என்ற துறைமுக நகரில் பிறந்தார். அப்போது அந்த நகரம் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. அவருடைய முன்னோர்கள் ஆர்மீனியர்கள்.

வியன்னா நகருக்குப் போய் ரசாயனம் படித்தார். படிப்பில் குறை இல்லை. ஆனால், பட்டம் வாங்குவதில் ஒரு தடை வந்தது. லத்தீன், கிரேக்கம் போன்ற பழைய மொழிகளைக் கற்பிக்கும் பள்ளியில் படித்தவர்களுக்கே அங்கு டாக்டர் பட்டம். சாமிச்சான் அந்த மாதிரிப் பள்ளியில் படித்தவர் அல்ல.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. ஜெர்மனியில் உள்ள கீசன் நகருக்குப் போனார். 1880-ம் ஆண்டு அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு ரோமாபுரிக்குச் சென்று, கன்னிசாரோ என்ற புகழ்பெற்ற ரசாயன மேதையிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பால் சில்பர் என்ற ஜெர்மானியர் அவருக்கு அங்கேதான் தோழரானார். 1887-ல் பாதுவா நகரிலும், 1889-ல் போலோன்யா நகரிலும் பேராசிரியர் பதவி கிடைத்தது. கடைசி மூச்சு வரை போலோன்யாதான் அவருடைய ஊர்.

இலையிடம் கற்ற பாடம்

ஒரு பொருளை வேறு பொருளாக மாற்ற வேண்டுமானால், அந்தக் காலத்து ரசாயன நிபுணர்கள் நெருப்பை மூட்டுவார்கள். இல்லாவிட்டால் கடுமையான திராவகத்தை ஊற்றுவார்கள்.

சாமிச்சான் மரத்தின் இலையை எண்ணிப் பார்த்தார். இலை அடுப்பு மூட்டுவது இல்லை. திராவகம் ஊற்றுவதும் இல்லை. வேரிலிருந்து வரும் தண்ணீரையும், காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வைத்துக்கொண்டு, வெயிலில் நின்றபடியே சர்க்கரை செய்துவிடுகிறது. இலை செய்யும் வேலையை மனிதன் செய்ய முடியாதா?

1886-ல் ரோமாபுரியிலேயே முதல் சோதனைகளைச் செய்தார். 1900 முதல் போலோன்யாவில் சில்பருடன் சேர்ந்து இதே வேலையில் முழுமூச்சாக இறங்கினார். புட்டிகள் மாடிக்கு ஏறின. வெயில் வேலை செய்தது. கோடை முடிந்ததும் ஒவ்வொரு புட்டியாகத் திறந்து, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று இருவரும் சோதித்தார்கள்.

வெளிச்சத்தில் எந்த நிறம் வேலை செய்கிறது என்றும் பார்த்தார்கள். சிவப்பு ஒளியில் கல்லுப்போல் கிடந்த பொருள், நீல ஒளி பட்டதும் மாறியது. நீல ஒளிக்குச் சக்தி அதிகம் என்பதே காரணம்.

இடம் மாறிய பிராணவாயு

1901-ம் ஆண்டு ஒரு புட்டியில் புதுமை ஒன்று நடந்தது. அதில் இருந்தது நைட்ரோபென்சால்டிஹைடு என்ற பொருள். பெயர் நீளம், விஷயம் எளிது.

இதுபோன்ற பொருள்கள் மூலக்கூறு என்னும் மிக நுண்ணிய துணுக்குகளால் ஆனவை. இந்தப் பொருளின் மூலக்கூறில் இரண்டு கிளைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரு கிளையில் பிராணவாயு அணுக்கள் இரண்டு. வெயில் பட்டதும் அவற்றில் ஒன்று பக்கத்துக் கிளைக்குத் தாவிவிட்டது! வெளியிலிருந்து எதுவும் சேரவில்லை. உள்ளிருந்து எதுவும் போகவில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குடிபோனதுபோல் அணு இடம் மாறிவிட்டது. பொருளே வேறு பொருள் ஆகிவிட்டது.

சாமிச்சானும் சில்பரும் இதை எழுதி வெளியிட்டார்கள். இதனால் என்ன பயன் என்பது அன்று யாருக்கும் தெரியாது.

நியூயார்க் சொற்பொழிவு

1910-ல் சாமிச்சான் இத்தாலியின் மேல்சபை உறுப்பினர் ஆனார். 1912-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில், நியூயார்க் நகரில் நடந்த ரசாயன மாநாட்டில் பேசினார்.

நிலக்கரி புகை உலகெங்கும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. நிலக்கரி என்பது பழங்காலத்துச் சூரிய வெளிச்சம். அது என்றாவது தீர்ந்துபோகும். தினமும் வந்து விழும் புதிய வெளிச்சத்தைப் பயன்படுத்த மனிதன் பழக வேண்டும் என்று அவர் எடுத்துச் சொன்னார். பயிர் விளையாத வறண்ட பூமிகளில் புகையில்லாத தொழிற்கூடங்கள் எழும், கண்ணாடிக் குழாய்கள் காடுபோல் நிற்கும் என்று அவர் கனவு கண்டார்.

இரண்டு ஆண்டுகளில் உலகப்போர் மூண்டது. போரோடு சில்பருடன் செய்த கூட்டு ஆராய்ச்சி முடிந்தது. நோபல் பரிசுக்கு ஒன்பது தடவை அவருடைய பெயர் சொல்லப்பட்டது. ஒரு தடவைகூடப் பரிசு வரவில்லை. 1922-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி அவர் காலமானார். மாடியில் புட்டிகள் காய்ந்த வேலையை உலகம் மெல்ல மறந்தது.

சுங்குடி முடிச்சு

அந்த 1901-ம் ஆண்டுப் புட்டியின் பயன், அவர் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே தெரிந்தது.

மதுரைச் சுங்குடிச் சேலை எப்படித் தயாராகிறது? துணியில் அங்கங்கே நூலால் முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் புள்ளியாக நிற்கும்.

பெரிய மூலக்கூறுகளைக் கட்டும்போது ரசாயன நிபுணர்களும் இதே தந்திரத்தைச் செய்கிறார்கள். ஓர் இடத்தில் மாறுதல் நடக்கக்கூடாது என்றால், அங்கே ஒரு சிறு துணுக்கை ஒட்டி மூடிவிடுவார்கள். மற்ற இடத்தில் வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றுவார்கள். அதற்குப் பெரும்பாலும் திராவகம் போன்ற மருந்து வேண்டும். மூலக்கூறு மென்மையானதாக இருந்தால், திராவகம் பட்டு அதுவே கெட்டுப்போகும்.

வெளிச்சம் பட்டால் தானே அவிழும் முடிச்சு இருந்தால்? 1966-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள். 1970-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் இருவரும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் உட்வர்டும் இன்னும் நன்றாக அவிழும் முடிச்சைச் செய்தார்கள்.

அதன் அடிப்படை, சாமிச்சான் கண்ட அதே அணுத் தாவல்தான். ஊதாவுக்கு அப்பாற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளியை முடிச்சுத் துணுக்கு விழுங்குகிறது. பிராணவாயு அணு பக்கத்துக் கிளைக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில் கட்டு அறுந்து, மூடியிருந்த இடம் திறக்கிறது. அந்த ஒளியை விழுங்குவது முடிச்சு மட்டுமே என்பதால் மற்ற பாகங்களுக்குச் சேதம் இல்லை. ஆனால், வேலை முடியும் வரை போட்டோ கழுவும் அறையைப்போல் வெளிச்சத்தை அண்டவிடாமல் காக்க வேண்டும். அவிழ்ந்து விழும் துணுக்கும் சில சமயம் தொல்லை கொடுக்கும்.

1978-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், நம் உடம்பின் உயிரணுக்களுக்குச் சக்தி கொடுக்கும் பொருளுக்கே இந்த முடிச்சைப் போட்டார்கள். முடிச்சு இருக்கும் வரை அந்தப் பொருள் தூங்கும். ஒளியைப் பாய்ச்சிய நொடியில் விழித்துக்கொள்ளும். உயிரணு வேலை செய்வதைத் தொடக்கத்திலிருந்தே கவனிக்க இது வழி செய்தது. 1991-ல் கண்ணாடித் தகட்டின் மேல் வேண்டிய இடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சி, விதவிதமான மூலக்கூறுகளைக் கட்டம் கட்டமாக வளர்த்தார்கள். பாரம்பரியக் குணங்களின் குறிப்பைப் படிக்கும் மரபணுத் தகடுகள் இந்த முறையில் பிறந்தவை.

கமுதிக் காட்டில்

சாமிச்சானின் பெரிய கனவு இன்னும் முழுதாகப் பலிக்கவில்லை. இலையைப்போல் வெயிலிலிருந்து நேராக எரிபொருள் செய்யும் முயற்சி உலகெங்கும் நடந்துவருகிறது. ஆனால், வறண்ட பூமியில் வெயிலை அறுவடை செய்யலாம் என்ற எண்ணம் வேறு வழியில் நிறைவேறியிருக்கிறது.

மதுரைக்குத் தெற்கே, ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில், வானம் பார்த்த பூமியில் 2016-ம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கண்ணாடிப் பலகைகள். புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை.

போலோன்யா பல்கலைக்கழகத்தின் ரசாயனத் துறை இன்று சாமிச்சான் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாடியில் அடுக்கிய புட்டிகளின் நடுவே அவர் நிற்கும் புகைப்படத்தை, ஒளி ரசாயனம் படிக்கும் மாணவர்கள் இன்றும் பாடப் புத்தகங்களில் பார்க்கிறார்கள்.