கேமராவில் சிக்காத சாம்பியன்... வெல்டர்வெயிட்டில் இவருக்கே ஏன் முதலிடம்? யார் இந்த சுகர் ரே ராபின்சன்?

மேவெதர் பெரிய ஆளா, பாக்கியாவோ பெரிய ஆளா? 2015 மே 2-ம் தேதி லாஸ் வேகாஸில் இருவரும் மோதி முடித்த பிறகும் இந்த வாக்குவாதம் ஓயவில்லை. அன்று அவர்கள் மோதியது 'வெல்டர்வெயிட்' எடைப்பிரிவில். ஆனால் இந்தப் பிரிவில் எல்லா காலத்துக்கும் சேர்த்து ஒரு பட்டியல் போடச் சொன்னால், நிபுணர்கள் பலரும் முதல் வரியில் எழுதுவது வேறொரு பெயரை. சுகர் ரே ராபின்சன்!

1999-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் 20-ம் நூற்றாண்டின் சிறந்த வெல்டர்வெயிட் வீரர், சிறந்த மிடில்வெயிட் வீரர், ஒட்டுமொத்தமாக நூற்றாண்டின் சிறந்த வீரர் என மூன்று இடங்களும் அவருக்கே கிடைத்தன. இதில் விசித்திரம் என்னன்னா, வெல்டர்வெயிட்டில் அவர் உச்சத்தில் இருந்த காலத்துச் சண்டைகளை முழுசாகப் பார்க்க வீடியோவே கிட்டத்தட்ட இல்லை. அப்புறம் எப்படி முதலிடம்?

அது என்ன வெல்டர்வெயிட்?

தொழில்முறை குத்துச்சண்டையில் 147 பவுண்டு, அதாவது சுமார் 66.7 கிலோ வரை எடை உள்ளவர்கள் மோதும் பிரிவு இது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் வென்றதும் வெல்டர்வெயிட்டில்தான். அங்கே வரம்பு 69 கிலோ. சின்ன எடைக்காரர்களின் வேகமும் பெரிய எடைக்காரர்களின் அடியும் ஒரே ஆளிடம் சேரக்கூடிய பிரிவு என்பதால் ரசிகர்களுக்கு இதன்மேல் தனி மோகம்.

பெயரே இரவல்தான்!

1921 மே 3-ல் பிறந்தவரின் நிஜப்பெயர் வாக்கர் ஸ்மித். டெட்ராய்டில் வளர்ந்து, பெற்றோர் பிரிந்த பிறகு அம்மாவுடன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்த ஏழைச் சிறுவன். டைம்ஸ் ஸ்கொயர் தெருக்களில் நடனமாடி சில்லறை சேர்த்தவன். 'சார்பட்டா பரம்பரை' படத்தில் டான்சிங் ரோஸ் ரிங்குக்குள் ஆடுவதைப் பார்த்து அசந்தோமே... இவர் ரிங்குக்கு வெளியே நிஜமாகவே ஆடியவர்!

சின்ன வயதில் ஒரு போட்டியில் இறங்க உறுப்பினர் அட்டை தேவைப்பட்டது. ரே ராபின்சன் என்ற வேறொரு பையனின் அட்டையைக் காட்டி இறங்கினார், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது என்று சொல்லப்படுகிறது. அவரது ஆட்டம் இனிப்பாக இருக்கிறது என்று யாரோ சொல்லப்போய் 'சுகர்' முன்னால் வந்து சேர்ந்தது. சேத்தியாத்தோப்பு மாதிரி ஊர்களில் சுகர் என்றால் ஒன்று கரும்பு ஆலை ஞாபகம் வரும், இல்லைன்னா டாக்டர் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது ஒரு காலத்தில் இந்த மனிதரின் ஞாபகம்.

75 சண்டைக்குப் பிறகு கிடைத்த வாய்ப்பு

அமெச்சூரில் 85 சண்டை, ஒரு தோல்விகூட இல்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1940 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்து, முதல் 40 சண்டைகளையும் வென்றார். 1943 பிப்ரவரியில் டெட்ராய்டில் ஜேக் லமோட்டாவிடம் முதல் தோல்வி. லமோட்டா மிடில்வெயிட்காரர். ராபின்சனைவிட சுமார் 7 கிலோ கூடுதல் எடை! மூன்றே வாரத்தில் அதே ஊரில், அதே லமோட்டாவை ராபின்சன் வென்றார். இருவரும் மொத்தம் 6 முறை மோதினார்கள். 5 வெற்றி ராபின்சனுக்கு.

இவ்வளவு ஜெயித்தும் உலகப் பட்டத்துக்கு மோத வாய்ப்பு வரவில்லை. அன்றைய அமெரிக்கக் குத்துச்சண்டை சூதாட்டக் கும்பல்களின் பிடியில் இருந்தது. அவர்கள் சொன்னதற்குத் தலையாட்டாததால்தான் ராபின்சனை ஒதுக்கி வைத்தார்கள் என்பது குத்துச்சண்டை வரலாற்றை எழுதியவர்கள் பலரின் கருத்து. கடைசியில் 1946 டிசம்பர் 20-ம் தேதி, காலியாக இருந்த பட்டத்துக்காக டாமி பெல்லுடன் மோதினார். இரண்டாவது ரவுண்டில் கீழே விழுந்தார். எழுந்து, 15 ரவுண்டு ஆடி, புள்ளிக்கணக்கில் ஜெயித்தார்.

ராணுவத்திலும் வம்பு

இடையில் இரண்டாம் உலகப்போர். ஜோ லூயிஸுடன் சேர்ந்து முகாம் முகாமாகக் காட்சிப் போட்டி ஆடினார். கறுப்பினச் சிப்பாய்களைப் பார்க்க விடாத இடத்தில் ஆட மாட்டேன் என்று மறுத்தார். ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற வேண்டிய நேரத்தில் காணாமல் போய், பிறகு மருத்துவமனையில் கண்டுபிடிக்கப்பட்டார். விழுந்து அடிபட்டதில் நினைவு தப்பியது என்பது அவர் தரப்பு. தப்பியோடினார் என்று ஏசியவர்களும் உண்டு. ராணுவம் அவரை 1944-ல் முறைப்படி விடுவித்தது.

ஜிம்மி டாயில்

1947 ஜூன் 24, கிளீவ்லாந்து. பட்டம் வென்ற பிறகு ராபின்சன் அதைத் தக்கவைக்க இறங்கிய முதல் சண்டை. எதிரில் ஜிம்மி டாயில் என்ற இளைஞர். முந்தைய இரவு ராபின்சனுக்கு ஒரு கனவு. தன் அடியில் டாயில் செத்துப்போவதாக! சண்டையே வேண்டாம் என்று அடம்பிடித்தவரை, பாதிரியாரை அழைத்து வந்து பேசவைத்து ரிங்கில் ஏற்றினார்கள். எட்டாவது ரவுண்டில் இடது கை ஹுக் ஒன்று... டாயில் விழுந்தார். மறுநாள் இறந்துபோனார்.

விசாரணையில், எதிராளியைத் திணறடிப்பதுதான் தன் தொழில் என்று ராபின்சன் சொன்னார். கேட்க இரக்கமற்ற பதிலாகத் தெரியும். ஆனால், அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கித் தர டாயில் ஆசைப்பட்டார் என்று தெரிந்ததும், அடுத்த சண்டைகளின் வருமானத்தில் இருந்து அந்தத் தாய்க்குப் பணம் ஒதுக்கினார். 1950-ல் சார்லி ஃபுசாரியுடன் மோதிய பட்டச் சண்டையில், ஒரே ஒரு டாலரை மட்டும் வைத்துக்கொண்டு மீதிச் சம்பளத்தைப் புற்றுநோய் நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

சரி, முதலிடம் நியாயமா?

எதிர்வாதம் வலுவானதுதான். ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1938-ல் ஃபெதர்வெயிட், லைட்வெயிட், வெல்டர்வெயிட் என மூன்று உலகப் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தவர். இன்றுபோல் ஒரே எடைக்கு நாலைந்து சாம்பியன்கள் இல்லாத காலம் அது. 1943 ஆகஸ்டில் ராபின்சன் அவரைப் புள்ளிக்கணக்கில் வென்றார். ஆனால் அப்போது ராபின்சனுக்கு 22 வயது, ஓய்ந்துபோயிருந்த ஆம்ஸ்ட்ராங்குக்கு 30. அந்த முடிவை வைத்து இருவரையும் எடைபோடுவது அநியாயம்.

சுகர் ரே லெனார்ட் 1979-லிருந்து 1981-க்குள் பெனிடெஸ், டுரான், ஹேர்ன்ஸ் மூவரையும் வென்றார். அதற்கு வீடியோ சாட்சி இருக்கிறது. யூடியூபில் பார்த்து முடிவு செய்பவர்கள் லெனார்டுக்கு ஓட்டு போட்டால் தப்பு சொல்ல முடியாது.

ராபின்சனுக்கு இருப்பது கணக்கு. 1940 முதல் 1951 ஜூலை வரை தோற்றது ஒரே ஒரு முறை, அதுவும் தன்னைவிட எடை கூடிய ஆளிடம். நடுவில் 8 ஆண்டுகள் தோல்வியே கிடையாது. வெல்டர்வெயிட் பட்டத்தை அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. 1951 பிப்ரவரி 14-ம் தேதி லமோட்டாவை வீழ்த்தி மிடில்வெயிட் சாம்பியன் ஆனதால், அவரே விட்டுவிட்டு மேலே போனார். ஒரு மாதத்தில் இரண்டு, மூன்று முறைகூட ரிங்கில் ஏறியவர் அவர். மேவெதர் தோல்வியே இல்லாமல் 50 சண்டையோடு முடித்தார். ராபின்சனின் கணக்கில் இருப்பது சுமார் 200 சண்டை. எடைப்பிரிவு வித்தியாசத்தை மறந்துவிட்டு யார் சிறந்த வீரர் என்று ஒப்பிடும் 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' பேச்சு பரவியதே இவரால்தான். இந்தக் கணக்குக்கு முன்னால் வீடியோ இல்லாத குறை பெரிதாகத் தெரியவில்லை.

இன்று நாம் பார்க்கும் ராபின்சன் வீடியோக்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தையவை. 30 வயதைத் தாண்டி, எடை கூடி, மிடில்வெயிட்டில் ஆடியவை. அந்த ராபின்சனே 5 முறை மிடில்வெயிட் பட்டம் வென்றார்!

பிங்க் காடிலாக் கார், ஹார்லெமில் சொந்த உணவகம், பாரிஸ் போனாலும் கூடவே ஒரு பட்டாளம்... பணம் வந்த வேகத்தில் கரைந்தது. 1952-ல் ஓய்வு பெற்று மேடை நடனத்துக்குப் போனார். அது கைகொடுக்காமல் 1955-ல் திரும்பினார். 44 வயதில், 1965 நவம்பரில், ஜோயி ஆர்ச்சரிடம் தோற்ற பிறகே கையுறையைக் கழற்றினார். சம்பாதித்த லட்சக்கணக்கான டாலர்களில் கையில் எதுவும் மிஞ்சவில்லை. 1969-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஏழைச் சிறுவர்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்.

கடைசிக் காலத்தில் நீரிழிவு, கூடவே அல்சைமர். 1989 ஏப்ரல் 12-ம் தேதி, 67 வயதில் இறந்தார். சரியாக இரண்டு மாதம் கழித்து, ஜூன் 12 அன்று, அவர் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட சுகர் ரே லெனார்ட், ஹேர்ன்ஸுடன் இரண்டாவது முறை மோத லாஸ் வேகாஸ் ரிங்கில் ஏறினார். அந்தச் சண்டை டிராவில் முடிந்தது.