இரும்புக் கலப்பை தந்த லட்சுமணராவ்

பெங்களூரிலிருந்து மிரஜ் வழியாகப் புனே செல்லும் ரயிலில் போனால், சாங்லி தாண்டிய பிறகு கிர்லோஸ்கர்வாடி என்ற சிறு நிலையம் வரும். ஒரு காலத்தில் அதன் பெயர் குண்டல் ரோடு. ஒரு ரயில் நிலையம் ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்குவது சாதாரண விஷயமல்ல. அதற்குக் காரணமானவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர்.

1869-ல் பெல்காம் மாவட்டம் குர்லஹொசூரில் பிறந்தவர். ஓவியம் என்றால் உயிர். மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் சில நிறங்களைப் பிரித்தறியும் சக்தி தம் கண்களுக்கு இல்லை என்பது அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. வண்ணத்தை விட்டார், கோட்டை விடவில்லை. இயந்திர வரைபடம் பயின்று, மும்பை விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியரானார்.

1888-ல் பெல்காமில் தம் அண்ணன் ராமுவண்ணாவுடன் சேர்ந்து சைக்கிள் கடை ஒன்றையும் தொடங்கினார். மும்பையில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பினார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் அந்த முடிவின் கனம் புரியும்.

சைக்கிளோடு நிற்காமல், மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரம் செய்தார். அடுத்து இரும்புக் கலப்பை. இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் அஞ்சினார்கள். முதல் கலப்பைகள் விலை போகவே இரண்டு ஆண்டுகள் ஆயின. அவர் விவசாயியைப் பழிக்கவில்லை. கலப்பையைத் திருத்தினார், காத்திருந்தார்.

விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில் அடுத்த இடி விழுந்தது. பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யுமாறு பெல்காம் நகராட்சி உத்தரவிட்டது. போக இடமில்லை, கையில் பணமில்லை. அப்போது அவுந்து சமஸ்தானத்தின் ராஜா கைகொடுத்தார். வட்டியில்லாக் கடனாக 10,000 ரூபாயும், குண்டல் ரோடு நிலையத்தருகே 32 ஏக்கர் தரிசு நிலமும் கிடைத்தன. கள்ளியும் பாம்பும் நிறைந்த பூமி அது. 1910-ல் தொழிலாளர்களோடு அங்கே குடியேறி, வெட்டித் திருத்தித் தொழிற்சாலையை எழுப்பினார். கூடவே ஓர் ஊரும் எழுந்தது. அந்த ஊரில் தீண்டாமைக்கு இடமில்லை என்று தடை விதித்தார். சிறையிலிருந்து மீண்டவர்களையும் நம்பிக் காவல் வேலை கொடுத்தார்.

முதல் உலகப் போரின்போது மூலப்பொருள் தட்டுப்பாடு வாட்டியது. அதையும் தாண்டினார். 1920-ல் கிர்லோஸ்கர் சகோதரர்கள் லிமிடெட் உருவாயிற்று. மண்ணை விஷமாக்கும் என்று ஒதுக்கப்பட்ட கலப்பை, தக்காண விவசாயிகளின் உற்ற துணையாயிற்று.

கன்னட மண்ணில் பிறந்தவரின் தொழில் கன்னட மண்ணுக்கும் திரும்பி வந்தது. 1941-ல் ஹரிஹரில் லேத் இயந்திரத் தொழிற்சாலையும், 1946-ல் பெங்களூரில் மின் மோட்டார்கள் செய்யும் கிர்லோஸ்கர் எலக்ட்ரிக்கும் தொடங்கப்பட்டதை அவர் கண்குளிரக் கண்டார். 1956 செப்டம்பர் 26-ல் மறைந்தார்.

கண் கைவிட்டது, உத்தியோகம் கைவிட்டது, ஊரும் கைவிட்டது. அவர் மட்டும் எடுத்த காரியத்தைக் கைவிடவில்லை. சொந்தத் தொழில் தொடங்கி, முதல் இரண்டு வருடம் போணியாகவில்லையே என்று கலங்கும் நம் இளைஞர்கள், அடுத்த முறை அந்த வழியே ரயிலில் போகும்போது ஜன்னலோரம் அமர்ந்து அந்தப் பெயர்ப் பலகையை ஒரு தடவை படித்துவிட்டு வரட்டும்.