காற்றில் நிலைத்த குரல்!

1920-ஆம் ஆண்டு ஜூலை 30. இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டு நகரிலுள்ள மார்கோனி நிறுவனத்தின் சோதனை நிலையத்தில், முப்பது வயதுப் பாடகர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று பாடினார். அவரது குரல் கடல் கடந்து ஸ்காண்டிநேவிய நாடுகளை எட்ட வேண்டும் என்பதே அந்த முயற்சியின் நோக்கம். பிபிசி தோன்ற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. டென்மார்க் அரசு வானொலி பிறக்க ஐந்து ஆண்டுகள் இருந்தன. அன்று பாடியவர் டென்மார்க்கைச் சேர்ந்த லாரிட்ஸ் மெல்கியோர்.

கோபன்ஹேகனில் 1890 மார்ச் 20-ஆம் தேதி பிறந்தவர் மெல்கியோர். ஆட்டமும் பாட்டுமாக உலகம் அறிந்த டிவோலி பூங்கா 1843 முதல் அந்நகரின் அடையாளம். அங்கு இசைக்குழுவை வழிநடத்திய லும்பியின் துள்ளலிசையை டென்மார்க் மக்கள் இன்றளவும் போற்றுகின்றனர். மெல்லிசையை இழிவாகக் கருதாத நகரம் அது.

அந்நகரின் அரச அரங்கில் 1913-இல் நடுத்தர ஆண்குரலான பாரிடோன் பாடகராக அவர் அரங்கேறினார். உடன் பாடிய மூத்த பாடகி ஒருவர், அவரது இயல்பான குரல் உயர்ந்த ஆண்குரலான டெனர் என்பதைக் கண்டுணர்ந்து சொன்னார். அறிமுகமான பின்னரும் மீண்டும் மாணவரானார் மெல்கியோர். 1918-இல் வாக்னரின் டான்ஹாய்சர் இசைநாடகத்தில் டெனராக மறுபிறவி எடுத்தார். லண்டனில் அவர் பாடியதைக் கேட்ட ஆங்கில நாவலாசிரியர் ஹியூ வால்போல், மேற்பயிற்சிக்குப் பொருளுதவி செய்தார்.

வாக்னரின் இசைநாடகங்கள் மணிக்கணக்கில் நீள்பவை. பெரும் இசைக்குழுவின் முழக்கத்தை மீறி, ஒலிபெருக்கியின் துணையின்றிப் பாட வேண்டும். டிரிஸ்டன் பாத்திரம் பல பாடகர்களின் குரலைச் சோதித்த ஒன்று. அதை மெல்கியோர் 200 முறைக்கும் மேல் பாடினார். 1926-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அடியெடுத்து வைத்தவர், 24 ஆண்டுகள் அங்கு கோலோச்சினார்.

1931 கிறிஸ்துமஸ் நாளில் அந்த அரங்கம் முழு இசைநாடகங்களை வானொலியில் ஒலிபரப்பத் தொடங்கியது. நுழைவுச்சீட்டு வாங்க இயன்றவர்களுக்கே உரியதாக இருந்த கலை, சனிக்கிழமை பிற்பகல்களில் தொலைதூரப் பண்ணை வீடுகளுக்கும் சென்றது. நார்வே பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாடும் மெல்கியோரும் இணைந்து பாடிய ஒலிபரப்புகள் பதிவுகளாக இன்றும் கேட்கப்படுகின்றன.

ஆனால், அவர் அதோடு நிற்கவில்லை. வானொலி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் தன்னைத் தானே கேலி செய்துகொண்டார். 1945 முதல் ஹாலிவுட் திரைப்படங்களில் நடித்தார். எளிய பாடல்களையும் பாடினார். செவ்வியல் மேடையின் மாண்பைக் குலைக்கிறார் எனச் சிலர் முகம் சுளித்தனர். ஒத்திகைகளைத் தவிர்க்கிறார், தாளத்தில் கவனம் குறைவு என்ற குறைகளும் கூறப்பட்டன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

அரங்கின் பொறுப்பை ஏற்கவிருந்த ருடால்ஃப் பிங், அவரது ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. 1950 பிப்ரவரி 2 அன்று லோஹன்கிரின் பாத்திரத்தோடு, 500-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைக் கண்ட அந்த மேடைப் பயணம் முடிவுற்றது.

காலம் வேறொரு தீர்ப்பை வைத்திருந்தது. 1960 மார்ச் மாதம் அவரது எழுபதாவது பிறந்தநாளையொட்டி, டென்மார்க் வானொலியின் சிம்பொனி இசைக்குழு அவரைப் பாட அழைத்தது. வாக்னரின் வால்க்யூரே நாடகத்தின் முதல் அங்கத்தில், இளம் வீரன் சீக்முண்டாக எழுபது வயது முதியவர் பாடினார். தாய்நாட்டுக்காக ஆங்கிலேய மண்ணிலிருந்து காற்றில் குரலை அனுப்பியவர், 40 ஆண்டுகளுக்குப் பின் தாய்மண்ணிலேயே நின்று பாடினார். அந்த ஒலிப்பதிவும் நம்மிடம் உள்ளது.

1973 மார்ச் 18-இல் கலிபோர்னியாவில் மறைந்த மெல்கியோர், கோபன்ஹேகனில் அடக்கம் செய்யப்பட்டார்.

கலையைக் காப்பது என்பது அதை வேலியிட்டு மறைப்பதா, எல்லோர் காதுக்கும் கொண்டு சேர்ப்பதா என்ற கேள்வி எல்லாக் காலத்துக்கும் உரியது. மெல்லிசை பாடியதால் அவரது கலை மெலிந்துவிடவில்லை என்பதற்கு அந்த எழுபது வயதுக் குரலே சான்று. வேலிகள் வீழ்ந்துவிடும், காற்றில் கலந்த குரல் நிலைக்கும்!